தாம்பரத்தார் கடலோரம் நடந்த வகை

தாம்பரத்திலிருந்து கடலைக் காண எளிய வழி, ‘கடற்கரை’ என்று பலகை மாட்டிய மின்சார ரயிலில் ஏறுவதே என்று வெளியூரார் நம்பினால் அவர்களைக் குறைகூற இயலாது; 1931 முதல் மின்வண்டி ஓடும் அத்தடத்தின் மறுமுனைக்கு அதுவே பெயர் எனினும், அங்கே இறங்குபவருக்கு எதிர்ப்படுவது துறைமுகமேயன்றி மணற்பரப்பு அன்று. ஆகவே ஒரு நாள் முழுதும் கடலோரமாக நடந்து மாமல்லபுரம் சேர்வதென்று சூளுரைக்கும் தாம்பரவாசி, தம் நடைப்பயணத்தை வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் பேருந்தில் தொடங்க வேண்டியவராகிறார்.

நடை உண்மையில் தொடங்குமிடம் கோவளம். சென்னையிலிருந்தே நடந்தால் என்ன என்று கேட்பாருக்கு அடையாறும் முட்டுக்காடும் விடைகூறும்; இரண்டிலும் முகத்துவாரம், அதாவது ஆறோ காயலோ கடலில் கலக்கும் வாய், குறுக்கிடுவதால், நீச்சல் அறியாதவர் அங்கே கரையேறிச் சாலைப் பாலத்தைத் தேட நேரும். கோவளத்துக் கோட்டையை 1752இல் கிளைவின் படை பிடித்தது. ஞாயிறு காலையில் அவ்வூர்த் தேநீர்க் கடையில் உட்கார இடம் பிடிப்பது அதனினும் பெரிய போர்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 20 கிலோமீட்டர், வரைபடத்தில் விரல் வைத்து அளப்பவருக்கு ஒரு சாண்கூட இராது. மணலோ வேறு கணக்கு வைத்திருக்கிறது. உலர்மணலில் கால் புதையும். அலை நனைத்து இறுகிய ஈரமணலில் புதையாது எனினும், அது கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், தெற்கு நோக்கி நடப்பவரின் இடக்கால் எப்போதும் வலக்காலைவிடத் தாழ்ந்தே ஊன்றும். இச்சமனின்மைக்கு முற்றான பரிகாரம் அதே தொலைவை வடக்கு நோக்கி நடந்து திரும்புவதே என்றாலும், இப்பரிகாரத்தை மேற்கொண்டவர் எவரும் இதுவரை தென்படவில்லை. கருவாடு காயும் மணலில், கவிழ்த்த ஃபைபர் படகின் நிழலில் வலை பிரிக்கும் மீனவர், பேருந்து ஓடும் ஊரில் இவர் ஏன் நடக்கிறார் என்று பார்க்கும் பார்வைக்கும் விடையில்லை.

வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் நிறுவிய முதலைப் பண்ணை உள்ளது. ஊர்வன காப்பில் அதன் பணி பெரிது; நடையாளர் அதனுள் நுழைவதற்குக் காரணம் மரநிழல். உடல் வெப்பத்தைத் தணிக்க வாயைத் திறந்து அசையாது கிடப்பது முதலையின் இயல்பு. புளிசோற்றுப் பொட்டலம் தீர்ந்தபின் பலகையில் சாய்ந்த நடையாளரும் அந்நிலையையே எய்துகிறார், முதலைகளுக்கு இவரைப்போல் குறட்டை இல்லை என்பதே வேறுபாடு. அடுத்துள்ள நெம்மேலியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் திறனுடன் 2013இல் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் அருகே நின்று, காலிப் புட்டியைக் கவிழ்த்துப் பார்க்கும் வேதனையை விரித்தல் வேண்டா. அவ்விடத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது என்பது மட்டும் குறிப்பிடத்தக்கது.

சாளுவன்குப்பத்தில் ஆட்டோ நீங்கி மீண்டும் வீறுநடை. இங்குள்ள ‘புலிக்குகை’ குகையும் அன்று, அதில் புலியும் இல்லை. பாறையில் சிறு மாடம் குடைந்து, அதைச் சுற்றி யாளித் தலைகளை, அதாவது சிங்கமுகம் கொண்ட கற்பனை விலங்கின் தலைகளை, பல்லவச் சிற்பிகள் செதுக்கியுள்ளனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அகழ்ந்தெடுக்கப்பட்ட முருகன் கோயிலின் செங்கல் அடித்தளமும் அருகிலேயே உள்ளது.

அந்தியில் மாமல்லபுரம். எட்டாம் நூற்றாண்டில் இராசசிம்மன் எடுப்பித்த கடற்கரைக் கோயில் 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்று. தாம்பரத்தாருக்கோ அது பள்ளிச் சுற்றுலாவின் சின்னம். வெண்ணெய் உருண்டை எனப்படும் பெரும்பாறையை இரு கையாலும் தாங்குவதாக நடிக்கும் நிழற்படம் இல்லாத ஆல்பம் அப்பகுதி வீடுகளில் அரிது. பாண்டவருக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பற்ற ஐந்து ரதங்களைச் சுற்றி, அந்நாளில் யானைமேல் ஏறி உட்கார்ந்ததற்காகக் கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கிய இடத்தைத் தேடிக் கண்டு, நடையாளர் அந்தக் கல்யானையை நெடுநேரம் பார்த்து நிற்கிறார். அது வளரவில்லை, ஆனால் முன்னைவிடச் சிறியதாகிவிட்டது.

இரவு வீட்டுவாசலில் செருப்பை உதறியபோது ஒரு பிடி மணல் உதிர்ந்தது. “முழுக்க நடந்தேவா?” என்று வீட்டார் வினவ, அவர் அம்மணலைச் சுட்டிக்காட்டினாரேயன்றி வாய் திறந்தாரில்லை.