மிச்சம் எவ்வளவு?

திண்டுக்கல் வாசகி: அப்பாவுக்கு 64 வயது. பல வருடப் பீடியால் சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய். இப்போது வலது நுரையீரலின் மேல்பகுதியில் கட்டி. "இருக்கிற மூச்சே பத்தல, அதிலயும் வெட்டி எடுத்தா மனுஷன் தேறுவாரா?" என்று அம்மா சாப்பிடாமல் கிடக்கிறார்.

பதில்: அம்மாவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்தபின் அப்பாவைத் தேற்றப்போவது அவர்தான். நுரையீரலை ஒரே பையாக நினைக்க வேண்டாம். வலப்பக்கம் 3 மடல், இடப்பக்கம் 2. அவற்றையும் கூறு பிரித்து, மொத்தம் 19 என்று வைத்துக் கணக்குப் போடுவோம். வலது மேல்மடலுக்கு அதில் 3 கூறு. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியில் முதல் வினாடியில் அப்பா தள்ளும் காற்று, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 60 சதவீதம் என்று வையுங்கள். 19-ல் 16 கூறு மிஞ்சினால் அது ஏறக்குறைய 50 ஆகும். 50 சதவீதத்தோடு கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிறவர்கள் நிறையப் பேர். கத்தி வைக்கும் முன் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலை.

இன்னொரு ஆறுதல். புகை முதலில் அரிப்பது பெரும்பாலும் மேல்மடலைத்தான். அது ஏற்கெனவே தளர்ந்த பலூனாகக் கிடந்தால், எடுத்ததால் வரும் நட்டம் கணக்கைவிடக் குறையும். கீழ்மடலுக்கு விரிய இடம் கிடைத்து, முன்பைவிட நன்றாக நடந்தவர்களும் உண்டு. வாயு ரத்தத்துக்குள் எவ்வளவு கடக்கிறது என்று பார்க்கும் டி.எல்.சி.ஓ. சோதனை எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். நன்றாக ஊதிவிட்டு இதில் சறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஈரோடு வாசகர்: ஆபரேஷனுக்கு வந்தவனை மாடிப்படி ஏறச் சொல்கிறார்களே, இது என்ன சோதனை?

பதில்: நல்ல சோதனை. நிற்காமல் 22 மீட்டர் உயரம், அதாவது ஏழு மாடி அளவு, ஏறிவிட்டால் மடலை எடுப்பதை உங்கள் இதயமும் நுரையீரலும் தாங்கும் என்று ஓரளவு நம்பலாம். பாதியில் நின்றால் பதறாதீர்கள். சைக்கிள் மிதிக்கவிட்டு ஆக்சிஜன் செலவை அளக்கும் அடுத்த சோதனை இருக்கிறது.

காரைக்குடி வாசகி: ஒரு நுரையீரலையே முழுசாக எடுத்துவிட்டால் எத்தனை நாள் ஓடும்?

பதில்: 1933 ஏப்ரலில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற சர்ஜன், புற்றுநோய் வந்த ஒருவரின் இடது நுரையீரலை ஒரே ஆபரேஷனில் முழுதாக எடுத்தார். வெற்றி பெற்ற முதல் முயற்சி அது. நோயாளி ஜேம்ஸ் கில்மோர், அவரும் டாக்டர், பிரசவம் பார்ப்பவர். ஒற்றை நுரையீரலோடு 30 ஆண்டு வாழ்ந்து 1963-ல் காலமானார். கிரஹாம் கடும் புகைப்பழக்கம் உள்ளவர். புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950-ல் எர்ன்ஸ்ட் வைண்டரோடு சேர்ந்து காட்டியவரும் அவரே. பிறகு சிகரெட்டை விட்டார், காலம் கடந்திருந்தது. 1957-ல் அதே புற்றுநோயில் இறந்தார். தன்னைக் காப்பாற்றிய கை தனக்கு முன்பே போனதைக் கில்மோர் பார்க்க வேண்டி வந்ததே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

சேலம் வாசகர்: அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்கு முந்தின நாள் வரை சிகரெட் பிடிக்கலாமா?

பதில்: ஒரு மாதம் கையில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். இன்றே நிறுத்துங்கள். நான்கு வாரத்தில் மூச்சுக்குழாயின் நுண்ணிழைகள் சளியை மேலே தள்ளும் வேலையைத் திரும்பத் தொடங்கும். ஆபரேஷன் முடிந்ததும் உங்களுக்கு அந்தத் துடைப்பம்தான் வேண்டும்.

நாகர்கோவில் வாசகி: ஆஸ்துமாவும் உண்டு. ஆபரேஷனன்று வெறும் வயிறு என்றார்கள். இன்ஹேலர் எடுக்கலாமா?

பதில்: எடுத்தே ஆக வேண்டும். அது சாப்பாட்டுக் கணக்கில் வராது. ஸ்டீராய்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

மதுரை வாசகர்: தம்பிக்கு ஆபரேஷன் முடிந்து ஆறு நாள். விலாவில் டியூப், கட்டிலுக்குக் கீழே தண்ணீர் பாட்டில். அதில் குமிழி நிற்கவே இல்லை. உள்ளே ஓட்டை இருக்கிறதா? யாரும் சரியாகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: உங்கள் தவிப்பு நியாயமானது. இரவெல்லாம் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று தெரியும். விஷயம் இதுதான். நுரையீரலைத் தைத்த இடத்தில் நுண்ணிய கசிவு இருக்கும். வெளிவரும் காற்று நெஞ்சுக்குள் தேங்கினால் நுரையீரல் சுருங்கிவிடும்; அதனால் டியூப் வைத்து, அதன் நுனியைத் தண்ணீருக்குள் முக்கி வைக்கிறோம். காற்று குமிழியாக வெளியே போகும், திரும்பி உள்ளே வராது. எம்பைசிமா, அதாவது காற்றறைகள் சிதைந்து தளரும் நோய், வந்த நுரையீரல் பழைய வேட்டி மாதிரி. ஊசி போட்ட இடமே கிழியும். அதனால் கசிவு ஐந்து நாளைத் தாண்டுவது இவர்களிடம் சகஜம். பெரும்பாலும் தானாக மூடும். மூடாவிட்டால் அவர் ரத்தத்தையே எடுத்து டியூப் வழியாக உள்ளே விட்டு ஒட்டவைப்பது, டால்க் தூவுவது, மூச்சுக்குழாயில் ஒருவழி வால்வு வைப்பது என்று வழிகள் உண்டு. டியூபோடும் சிறு வால்வோடும் வீட்டுக்குப் போய், பிறகு வந்து கழற்றிக்கொள்பவர்களும் உண்டு.

நீங்கள் பார்க்க வேண்டியது குமிழி எப்போது வருகிறது என்பதை. இருமும்போது மட்டும் வந்தால் கசிவு குறைகிறது. சும்மா மூச்சு விடும்போதும் வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். டியூபில் தண்ணீர் மூச்சோடு ஏறி இறங்க வேண்டும். அது நின்றால், தம்பி டியூப் மேல் படுத்து மடக்கியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பாட்டிலை ஒருபோதும் நெஞ்சுக்கு மேலே தூக்காதீர்கள். கழிப்பறைக்குப் போக வசதியாக இருக்கும் என்று டியூபைக் கிளிப் போட்டு அடைக்கவே கூடாது. கசியும் நுரையீரலில் அது உயிருக்கு ஆபத்து. கழுத்தோ முகமோ உப்பி, தொட்டால் நறநறவென்றால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

திருவாரூர் வாசகி: மாமியார் இருமவே பயப்படுகிறார். தையல் பிரிந்துவிடும் என்கிறார்.

பதில்: பிரியாது. இருமாமல் உள்ளே தேக்கி வைக்கும் சளிதான் ஆபத்து. அது சிறு குழாய்களை அடைக்கும், அந்தப் பகுதி சுருங்கும், நிமோனியா வரும். ஏற்கெனவே மூச்சு குறைந்தவர்களை ஆபரேஷனுக்குப் பின் கவிழ்ப்பதில் முன்வரிசையில் நிற்பது இதுதான். வலிக்கிறது என்று இருமாமல் இருப்பவரைத் திட்டிப் பயனில்லை. வலி மருந்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்து, அரை மணி கழித்து உட்காரவைத்து, ஒரு தலையணையைத் தையல் பக்கமாக நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு ஆழமாக மூச்சிழுத்து, இரண்டே இருமல்.

மூன்று பந்துக் கருவி கொடுத்திருப்பார்கள். அதில் ஊத வேண்டாம், உறிஞ்ச வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். நான் பார்த்த ஒரு பாட்டி முதல் நாள் ஒரு பந்தைக்கூட அசைக்கவில்லை. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து, "ஆயா, நீலப் பந்து எந்திரிச்சா சீரியல் போடுறேன்" என்றாள். நான்காம் நாள் இரண்டாவது பந்தும் எழுந்தது. அந்த வார்டில் அன்று நான் எழுதிய எந்த மருந்தும் அந்தப் பேத்திக்கு ஈடில்லை.

கோவை வாசகர்: மூன்றாம் நாள் அப்பாவுக்குத் திடீரென்று நெஞ்சு படபடப்பு. ஹார்ட் அட்டாக்கா?

பதில்: இ.சி.ஜி. எடுத்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் மேலறைத் துடிப்புக் கோளாறுதான். மடல் எடுத்தவர்களில் பத்துக்கு ஒருவர் இருவருக்கு, இரண்டு மூன்றாம் நாளில் வரும். மருந்தில் அடங்கும்.

வேலூர் வாசகர்: இளவயதில் காசநோய் வந்து குணமானது. இப்போது இருமினால் ரத்தம். பழைய குழியில் பூஞ்சைப் பந்து இருக்கிறதாம். காசநோய்க்குத்தான் மாத்திரை இருக்கிறதே, ஆபரேஷன் ஏன்?

பதில்: மாத்திரை கிருமியைக் கொன்றது, குழியைத் தூர்க்கவில்லை. ஒரு காலத்தில் காசநோய்க்கே விலா எலும்பை வெட்டி நெஞ்சை அமுக்கினார்கள். மருந்துகள் அதை ஓரங்கட்டின. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்துக்கு நிகராகக் குணமாகும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது நம் சென்னையில் நடந்த ஆய்வு. இப்போது கத்தி மிஞ்சியிருப்பது உங்களைப் போன்றவர்களுக்கு. ஆனால் பழைய காசநோய் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். பிரிக்கும்போது ரத்தம் நிறையப் போகும், வெற்றிடத்தில் சீழ் வைக்கலாம். மூச்சு போதாதவர்களுக்கு, கசியும் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைத்து நேரம் வாங்கலாம். ரத்தம் அதிகமாக வந்தால் குழி இருக்கும் பக்கம் கீழே வருமாறு ஒருக்களித்துப் படுத்து, உடனே ஆம்புலன்ஸ். நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் வழியக் கூடாது.

தஞ்சாவூர் வாசகி: அண்ணனின் கட்டி சின்னதுதான். ஆனாலும் மூச்சு ரொம்பக் குறைவு, ஆபரேஷன் வேண்டாம், குறிவைத்த கதிர்வீச்சு போதும் என்கிறார் டாக்டர். கைவிட்டுவிட்டாரா?

பதில்: இல்லை, கைகொடுக்கிறார். மூச்சு குறைந்தவர்களுக்குக் கத்தி எப்போது உதவும், எப்போது கொல்லும் என்பதற்கு ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவில் 1,218 எம்பைசிமா நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில், மேல்மடல் மட்டும் கெட்டு, நடை குறைந்தவர்களுக்கு அந்தக் கெட்ட பகுதியைக் குறைக்கும் ஆபரேஷன் ஆயுளைக் கூட்டியது. மூச்சளவு 20 சதவீதத்துக்குக் கீழே போய், நுரையீரல் முழுக்கச் சீராகக் கெட்டிருந்தவர்களும், வாயு கடக்கும் அளவு அதே போலச் சரிந்தவர்களும் வேறு கதை. அவர்களில் ஆபரேஷன் ஆனவர்களில் 16 சதவீதம் பேர் ஒரே மாதத்தில் இறந்தார்கள். அத்தகையவர்களைச் சேர்ப்பதை 2001-லேயே நிறுத்திவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல டாக்டருக்குத் துணிச்சல் வேண்டும். உங்கள் டாக்டரிடம் அது இருக்கிறது.

தேனி வாசகர்: மடல் எடுத்து ஐந்து வாரம். தையல் ஆறிவிட்டது. ஆடு மேய்க்கப் போகலாமா?

பதில்: ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள். ஆடு நடக்கும் வேகம் உங்களுக்குச் சரியான வேகம். நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் மரத்தடியில் உட்காருங்கள். கரடு ஏறுவது இன்னும் சில வாரம் மகனுக்கு. குட்டியைத் தோளில் தூக்குவதும் அவனுக்கே.