மாப்ளைக்குக் கட்டை வைத்தியம்

மாப்ளை, கோவிச்சுக்கப்படாது. உருட்டுக் கட்டையை அடுக்கி இந்த வீட்டைக் கட்டினவன் டென்னசி மலைக்காரன். வாங்கினது நீங்க. கழுவப் போறேன்னு வேட்டியை மடிச்சுக் கட்டாத குறையா நிக்கிறதும் நீங்கதான். உளி பிடிச்சே காலத்தை ஓட்டின நான் சும்மா வேடிக்கை பாக்குறவன்.

அந்த பிரஷர் வாஷரை இன்னும் கொஞ்சம் கிட்டத்துல புடிங்க! வலுவில்லாத நாரெல்லாம் பிய்ஞ்சு, சுவரு பூரா பஞ்சு முளைச்சாப்ல ஆயிடும். அப்புறம் ஸ்டெயின் அடிச்சா டப்பா டப்பாவாக் குடிக்கும். கடைக்காரன் உங்களைக் கண்டதும் எந்திரிச்சு நின்னு கும்பிடுவான்.

சாம்பலா நரைச்சிருக்கே, அது வெறும் அழுக்கில்ல. மரத்து நாரைச் சேத்துப் புடிக்கிற லிக்னினை வெயில் தின்னுட்டுப் போன மிச்சம். அதான் தெக்கும் மேக்கும் வெளுத்துக் கிடக்கு; வடக்குச் சுவத்துல பாசி. குளோரின் பிளீச் ஊத்தலாம்னீங்க. நல்லா ஊத்துங்க, வெயில் மிச்சம் வெச்சதை அது தின்னுரும். அதுக்குப் பதிலா சோடியம் பெர்கார்பனேட் பொடியைக் கரைச்சு, அடியில இருந்து மேல் நோக்கி அடிச்சுட்டு வந்தா கோடு விழாது. ஆணியைச் சுத்தி இருக்கிற கறுப்புக்கு ஆக்சாலிக் அமிலம். கையுறை போட்டுக்குங்க, என் மக ஆக்குற சோத்தை அந்தக் கையாலதான திங்கணும்.

பழைய வார்னிஷ் உரிஞ்சு தொங்குறதை எடுக்க ஒரு ஆள் வந்தானே, மக்காச்சோளத் தக்கையைப் பொடிச்சுக் காத்துல பீச்சி அடிச்சான். நம்மூர்ல அடுப்புல வெக்கிறதை இங்க கூலி குடுத்து வீட்டு மேல வீசுறாங்க! ஆனா வேலை நயம். மணல் மாதிரி முரடில்ல, கட்டையில தண்ணியும் ஏறாது.

கழுவின சூட்டோட ஸ்டெயின் அடிக்கத் துடிக்கிறீங்க. ஈரம் பாக்குற மீட்டர் வாங்கினீங்களே, பொட்டி பிரிக்காமலே கிடக்கு. 19 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாத்தான் டப்பாவைத் திறக்கணும். வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிற வெடிப்புல, கால் அங்குலத்துக்கு மேல அகலமானதை மட்டும் அடைங்க. கீழ் நோக்கி இருக்கிறதுல தண்ணி தங்காது.

உத்திரத்துல அரை அங்குலத்துக்கு அச்சு வட்டமாத் துளை போட்டிருக்கே, அது தச்சு வண்டு. கையில துரப்பணம் இல்லாம அவ்வளவு சுத்தம். என் கண்ணே பட்டுடும். உள்ளே இருக்கிற புழுவைத் தேடி மரங்கொத்தி வந்து, அரை அங்குலத்தைக் கை நுழையுற பொந்தாக்கிரும். அதுக்குள்ள மருந்து வெச்சு அடைச்சிருங்க.

போன வாரம் கேட்ஸ் கோவ்ங்கிற பள்ளத்தாக்குக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, 1820-கள்ல கட்டின ஜான் ஆலிவர் வீடு. மூலைக்கு ஆணியே கிடையாது, கட்டையோட கனமே கட்டையைப் பூட்டியிருக்கு. இடுக்குல மண்ணுப் பூச்சு. நீங்க செல்ஃபி எடுத்த நேரத்துல நான் கூரையைப் பாத்தேன். மழைத்தண்ணி சுவத்துல வழியாம இருக்கத் தாழ்வாரம் விட்டிருக்கான்.

இங்க அடிக்கட்டையை ஸ்க்ரூட்ரைவரால குத்திப் பாத்தேன். கிழக்கு மூலையில பொதபொதன்னு உள்ள போகுது. அதை அறுத்து எடுத்துட்டுப் புதுக்கட்டை கோக்கணும். ஸ்டெயினுக்கு அது அடங்காது. புல்லுக்குத் தண்ணி பீச்சுற குழாய் தினம் காலையில அங்கதான் அடிக்குது. அதை யார் அப்படித் திருப்பி வெச்சாங்கன்னு நான் கேக்கல மாப்ளை. என் மகதான் உங்களையே பாத்துக்கிட்டு நிக்கிறா.