கங்கைகொண்ட சோழபுரத்துச் சுரைக்கொடியும் அதன் தானக் கொள்கையும்: ஓர் ஆய்வு

ராஜேந்திர சோழன் பிறந்தது ஆடித் திருவாதிரையில். கங்கைகொண்ட சோழபுரத்துக் கொல்லைகளில் சுரை விதை ஊன்றுவது ஆடிப் பட்டத்தில். இவ்விரண்டையும் முடிச்சுப் போட்டு இன்னும் யாரும் முனைவர் பட்டம் வாங்காதது வியப்புக்குரியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று இவ்வாய்வை முன்கூட்டியே தள்ளிவிடுவோர் உண்டு. ஐப்பசி மாதம் இந்த ஊருக்கு வந்து பார்த்தால், கறிக்கு உதவாத சுரைக்காய் எவ்வளவு பெரிய வரம் என்பது அவர்களுக்கும் விளங்கும்.

முதலில் களம். ஊருக்கு அருகிலுள்ள உட்கோட்டை மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980இல் தோண்டத் தொடங்கியது. சோழர் அரண்மனையின் செங்கல் அடித்தளம், கூரை ஓடுகள், சீனப் பானைத் துண்டுகள் எல்லாம் வெளிவந்தன. அன்றுமுதல் இவ்வட்டாரத்தில் யார் குழி வெட்டினாலும் அது அகழாய்வுதான். சுரைக்குழிக்கு ஒன்றரை அடி ஆழம் போதும். மேலடுக்கில் ஷாம்பு பாக்கெட், அதன் கீழே கோழி இறகு, அடியில் ஒரு செங்கல் துண்டு. செங்கல் சோழர் காலத்தது என்பார் வீட்டுக்காரர். போன வருஷம் இடித்த கழிவறையினது என்பார் அவர் மனைவி. இந்தக் கருத்து வேறுபாடு நீடிக்கும்போதே மக்கிய சாணமும் நாலு விதையும் உள்ளே போய்விடும்.

அடுத்து ஆட்சிப் பரப்பு. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்லிக் கடாரம் வரை போகும். சுரைக்கொடியின் மெய்க்கீர்த்தியும் அப்படித்தான்: வேலி, துணிக்கொடி, துருப்பிடித்த டிஷ் ஆண்டெனா, கடைசியாகப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகை. முல்லைக்குத் தேர் கொடுக்க ஒரு பாரி இருந்தான். சுரைக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை, அதுவாக எடுத்துக்கொள்கிறது. நுனியைக் கிள்ளினால் அடங்கும் என்பது ஒரு தரப்பு. கிள்ளிய இடத்திலிருந்து பக்கக் கொடிகள் கிளம்பும், பெண் பூக்கள் அவற்றில்தான் அதிகம் வரும் என்கிறது தோட்டக்கலை. ஆக, அடக்குவதற்காகக் கிள்ளியவர் காய்களைப் பெருக்கியவர் ஆகிறார்.

பூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. "பூக்குது, காய்க்கலியே" என்று வீடே கவலைப்படும் காலம் அது. பின்னர் நினைத்து ஏங்கக்கூடிய காலமும் அதுவே. பிறகு, அடியில் விரல்நுனி அளவு பிஞ்சோடு பெண் பூ வரும். வெள்ளைப் பூ, சாயங்காலம்தான் மலரும், அந்துப்பூச்சி போன்ற பூச்சிகள் வந்தால்தான் மகரந்தம் சேரும். பூச்சி வராத வீட்டில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிடுவார்கள். இந்தத் திருமணம் சீரியல் நேரத்தில் நடைபெறுவதால் விளம்பர இடைவேளைக்குள் முடித்தாக வேண்டும்.

விதைத்து இரண்டு மாதத்தில் பறிப்பு. ஆடிக் கடைசியில் ஊன்றியவை சரியாக ஐப்பசியில் குவிகின்றன. இங்கேதான் சிக்கல். புரட்டாசி முழுவதும் கவுச்சி தொடாமல் காய்கறிக்கு ஏங்கிய ஊர், ஐப்பசி பிறந்ததும் கறிக்கடை வாசலில் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து எல்லாக் கொல்லையிலும் சுரைக்காய். ஐப்பசிப் பௌர்ணமியில் பெரிய கோயிலில் அன்னாபிஷேகம். சுமார் 13 அடி லிங்கத்தை மூட்டை மூட்டையாக அரிசி வடித்து மூடுகிறார்கள். சோற்றுக்குக் குறையில்லாத அந்நாளில் தொட்டுக்கொள்ள என்ன என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் கையில் வந்துவிடும்.

இனி தானம். பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குத் தானமாகக் கொடுத்ததை எழுதிவைக்க ராஜேந்திரனுக்கு 31 செப்பேடுகள் தேவைப்பட்டன. சுரைக்காயைத் தானம் கொடுக்க ஒரு மஞ்சப்பை போதும். ஆனால் ஊரைத் தானம் பெற்ற கோயில் மறுப்புச் சொன்னதாகச் செப்பேட்டில் இல்லை. சுரைக்காய்க்கு மறுப்பு உண்டு.

"அக்கா, இந்தாங்க, கொல்லையில காச்சது."

"ஐய, எதுக்கும்மா? நீயே வச்சுக்க. புள்ளைங்க சாப்புடும்ல."

இவ்வுரையாடலின் கடைசி வாக்கியம் ஆய்வுக்குரியது. சுரைக்காய் வேண்டும் என்று தானாகக் கேட்ட பிள்ளை அரியலூர் மாவட்டத்தில் இருப்பதற்குச் சான்று இல்லை; இது இருவருக்கும் தெரியும். ஆகவே இது தகவல் அன்று, எல்லைக் காவல். எனினும் மூன்றாம் முறை மறுப்பது மரியாதை இல்லை என்பதால் பை கைமாறுகிறது. வாங்கிய பையை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். வாங்கியவர் வீட்டிலும் கொடி உண்டு. பையில் என்ன திரும்பி வரும் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

இந்தச் சுழற்சிக்குக் கல்வெட்டுச் சான்றே இருக்கிறது. காய் பிஞ்சா, முற்றலா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தால் காம்புக்குக் கீழே அழுத்துவது வழக்கம். பிஞ்சாக இருந்தால் நகம் இறங்கும், பிறை வடிவில் பச்சைத் தழும்பு விழும், ஒரு சொட்டு நீர் துளிர்க்கும். ஒரு நாள் ஆனால் அது பழுப்பாகும். இக்கட்டுரையாளர் ஆராய்ந்த ஒரு காயில் அருகருகே பல பிறைகள். ஒன்று புதியது, மற்றவை பழுப்பேறியவை, கடைசியானது மேல்தோலைத் தாண்டவே இல்லை. நிறத்தை வைத்துக் காலவரிசைப்படுத்தினால், காய் தெருவின் கீழ்க்கோடியில் புறப்பட்டு, வீடு வீடாக நகம் வாங்கி, முற்றிய பின் பிறந்த கொல்லைக்கே வந்து சேர்ந்தது தெளிவாகும். முதல் பிறையை வைத்தவர் அதை அடையாளம் கண்டுகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. கூட்டு வைத்தார்.

கொள்வார் இல்லாத நிலை இந்த ஊருக்குப் புதிது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயில் மதிலின் கல்லையே அணைக்கரைக்கு வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். யாரும் கேட்டுக்கொள்ளாமலே கொண்டுபோனார்கள். சுரைக்காயைக் கேட்டுக்கொண்டும் கொண்டுபோகிறவர் இல்லை.

அயல்நாட்டிலும் நிலைமை இதுவே. சென்னை சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் விலை போகும் சுக்கினி, நம் பரங்கிக்காயின் நெருங்கிய உறவு. அமெரிக்கக் கண்டத்துப் பூர்வீகம் என்பதால், கடல் கடந்து கடாரம் வென்ற ராஜேந்திரன்கூட அதைச் சுவைத்திருக்க வாய்ப்பில்லை. அந்தச் சுக்கினி அமெரிக்காவில் கொல்லையில் காய்க்கத் தொடங்கினால் நிற்காது. ஆகவே ஆகஸ்ட் 8ஆம் தேதியை, இரவில் பக்கத்து வீட்டு வாசலில் சுக்கினியை வைத்துவிட்டு ஓடும் நாளாக வேடிக்கைக்குக் குறித்து வைத்திருக்கிறார்கள். நமக்கு அது ஆடி மாதம். அவர்கள் தள்ளிவிடும் நாளில் நாம் விதைத்துக்கொண்டிருக்கிறோம். ஓடுவது நாகரிகமன்று, இங்கே எதிரே நின்று, காபி குடித்து, உடம்பு விசாரித்துவிட்டுத்தான் கொடுப்போம்.

ஒரு கொடியோடு நிறுத்தினால் என்ன என்று கேட்கும் வாசகர், நாலு விதையில் மூன்று முளைத்தபோது இரண்டைப் பிடுங்கி எறிந்த ஒருவரையாவது காட்டட்டும்.

இவ்வாய்வின் முடிவுகளைச் சரிபார்க்க விரும்பும் அறிஞர்களுக்காக மாதிரிகள் கட்டுரையாளர் வீட்டுத் திண்ணையில் வைக்கப்பட்டுள்ளன. அடையாள அட்டை தேவையில்லை. பை கொண்டுவர வேண்டும். எடுத்துச் சென்ற மாதிரிகள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டா.