எவர்சில்வர் வீட்டில் மைக்ரோவேவ்

இயற்பியல் படித்தவன் மைக்ரோவேவ் வாங்கக் கூடாது. படிக்காதவர்கள் அதனுடன் வரும் குறிப்புப் புத்தகத்தையாவது புரட்டுவார்கள். நான் அதைப் பிரிக்காமலே பிரசங்கத்தைத் தொடங்கினேன். "அம்மா, இதுல நெருப்பே கிடையாது. 2,450 மெகாஹெர்ட்ஸ் அலை. சாப்பாட்டுல இருக்க தண்ணி மூலக்கூறைப் போட்டு உலுக்கும், அதுதான் சூடு."

"சரிப்பா, எந்தப் பாத்திரத்துல வைக்க?"

சமயநல்லூரில் எங்கள் வீட்டில் தட்டு, டம்ளர், தூக்குவாளி எல்லாமே எவர்சில்வர். பாதி, பேர் வெட்டிய சீர்ப் பாத்திரம். உலோகம் ஆகாது என்பது எனக்குத் தெரியாதா? தமுக்கத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் பீங்கான் தட்டு வாங்கி வந்தேன். விளிம்பில் அழகான தங்கக் கோடு. பொத்தானை அமுக்கியதும் அந்தக் கோடு முழுக்கப் பொறி பறந்தது. தங்கமும் உலோகம்தான் என்று அந்தப் புத்தகத்திலேயே இருந்ததாம். பிறகு மனைவி வாசித்துக் காட்டினாள்.

முட்டைதான் பெரிய அவமானம். ராத்திரிக் குழம்பில் மிஞ்சிய அவித்த முட்டையை முழுசாக உள்ளே வைத்தேன். சமர்த்தாகச் சூடானது. வெளியே எடுத்துக் கரண்டியால் அழுத்தினேன், அவ்வளவுதான். மஞ்சள் கருவுக்குள் கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்க இடமில்லாமல் அடைபட்டுக் கிடந்த நீர், வழி கிடைத்த நொடியில் ஆவியாகிச் சிதறியது. மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. தினசரிக் காலண்டரில் அன்றைய ராகுகாலத்தைப் படிக்க முடியவில்லை.

இந்த அடுப்புக்கு மூலகாரணம் பெர்சி ஸ்பென்சர். 1945 வாக்கில் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில், ரேடாருக்கான மேக்னட்ரான் பக்கத்தில் நின்றபோது சட்டைப்பையில் இருந்த இனிப்பு உருகியதைக் கவனித்தவர். அவர் சோதனையிலும் ஒரு முட்டை பக்கத்தில் இருந்தவர் முகத்தில் வெடித்ததாகச் சொல்வார்கள். அவருக்கு 1950இல் காப்புரிமை கிடைத்தது. எனக்கு ஈரத்துணி.

சால்னா பாக்கெட்டை ரப்பர் பேண்டைக்கூட அவிழ்க்காமல் வைத்த நாளைப் பற்றி எழுதுவதாக இல்லை.

கறிக்குழம்பு விஷயத்தில்தான் அம்மா என்னை முந்தினார். ஓரத்தில் தளதளவென்று கொதித்தது, நடுவில் ஃப்ரிட்ஜ் குளிர் அப்படியே இருந்தது. அலை சில சென்டிமீட்டர் ஆழம்தான் இறங்கும், பெட்டிக்குள் சீராகவும் பரவாது, அதனால்தான் தட்டே சுற்றுகிறது, நடுக்கறியும் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் கிருமி சாகும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா பாதியில் கதவைத் திறந்து ஒரு கிண்டு கிண்டி, மறுபடி வைத்தார். "அடுப்போ பொட்டியோ, கிண்டாம எப்பிடிப்பா சுடும்?"

மிஞ்சின சோற்றை வெளியே விடாமல் ஃப்ரிட்ஜில் வைப்பது, இட்லி மேல் தண்ணீர் தெளித்து மூடியைக் கொஞ்சம் ஒருக்களித்து வைப்பது எல்லாம் இப்போது அவர் பொறுப்பு. எனக்கு அனுமதி அப்பளம் சுட மட்டும். எண்ணெய் இல்லாமல் நன்றாகவே பொரிகிறது, நான் போனைப் பார்க்காமல் இருந்தால். நேற்றைய அப்பளத்துக்கு நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு.