இரும்புக்கை மாயாவியும் இல்லத்து நிழற்படையும்

குடும்பஸ்தன் ஒற்றனாக முடியாது என்று யாராவது சொன்னால், அவர் லண்டனில் மனைவிக்குத் தெரியாமல் பழைய காமிக்ஸ் வாங்கிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். பணம் போகும் வழி, பார்சல் வரும் நேரம், ஒளித்துவைக்கும் இடம், மாட்டிக்கொண்டால் சொல்ல ஒரு பதில் என்று நாலு முனையிலும் திட்டம் வேண்டும். ஜேம்ஸ் பாண்டுக்குக்கூட இவ்வளவு வேலை கிடையாது. அவருக்கு ஜாயின்ட் அக்கவுண்ட் இல்லை.

நான் தேடித்தேடி வாங்குவது ‘வேலியண்ட்’ என்கிற பிரிட்டிஷ் வார இதழை. அதன் முதல் இதழில் இருக்கும் தேதி 1962 அக்டோபர் 6. அதற்கு முதல் நாள்தான் பிக்காடிலியில் லண்டன் பெவிலியன் தியேட்டரில் முதல் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’ திரைக்கு வந்தது. அன்றைக்கே பீட்டில்ஸின் ‘லவ் மீ டூ’ இசைத்தட்டும் வெளியானது. அந்த இரண்டையும் இந்த ஊர் இன்றுவரை தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. அதே வாரத்தில் ‘வேலியண்ட்’ முதல் இதழில் பிறந்த மூன்றாவது பிள்ளையைச் சீந்துவாரில்லை. அவர் பெயர் இங்கே ‘ஸ்டீல் க்ளா’. நமக்கு இரும்புக்கை மாயாவி.

கதை தெரியாத துர்பாக்கியசாலிகளுக்காக ஒரு சுருக்கம். பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வகத்தில் உதவியாளர் லூயி க்ராண்டெல். ஒரு விபத்தில் வலது கை போய், அந்த இடத்தில் இரும்புக் கை வருகிறது. இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய, ஆள் மறைந்துபோகிறார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. இப்படி ஒரு வரம் கிடைத்ததும் மனிதர் முதலில் செய்தது திருட்டு. பிறகுதான் திருந்தி, நிழற்படை என்னும் ரகசிய அமைப்பில் உளவாளியாகச் சேர்கிறார். அறுபதுகளின் பின்பாதியில் சூப்பர்ஹீரோ மோகம் வந்தபோது அவருக்கும் ஒரு விசேஷ உடையை மாட்டிப் பார்த்தார்கள். சில காலத்தில் அதைக் கழற்றியும் விட்டார்கள். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு எனக்கு எத்தனை நாள் உதவியதோ, அவருக்கும் அது அத்தனை நாள்தான் உதவியது.

இதை முதலில் எழுதியவர் லண்டனில் பிறந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் பல்மர். பிறகு டாம் டல்லி தொடர்ந்தார். வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆனால் ‘வேலியண்ட்’டை வெளியிட்ட ஃப்ளீட்வே நிறுவனத்தின் அந்தக் காலத்து இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடும் வழக்கமே கிடையாது. பிளாஸ்கோவின் நிழலும் வெளிச்சமும் பின்னிய கோடுகளை வாரா வாரம் பிரிட்டனே பார்த்தது. ஆளை யாரும் பார்க்கவில்லை. கை மட்டும் தெரிந்தது. மாயாவியை வரைய இவரைவிடப் பொருத்தமான ஆள் ஏது?

1967-ல் ஃப்ளீட்வே ‘சூப்பர் லைப்ரரி’ என்று 132 பக்கச் சிறு புத்தகங்களை இறக்கியது. அதில் ஒரு வரிசை மாயாவிக்கும் ஸ்பைடர் என்ற இன்னொரு நாயகனுக்கும், இன்னொன்று ஜானி நீரோ போன்ற ரகசிய ஏஜென்டுகளுக்கு. இந்தச் சரக்கைப் பிரிட்டிஷ் பையன்கள் படித்துவிட்டுத் தூக்கிப் போட, பட்டாசுக்கும் காலண்டருக்கும் பெயர்போன சிவகாசியில் ஒருவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எம். சௌந்திரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. அப்புறம் ‘உறைபனி மர்மம்’, ‘பாம்புத் தீவு’ என்று வரிசையாக வந்தன. மாயாவி, லாரன்ஸ்–டேவிட் ஜோடி, ஜானி நீரோ ஆகியோரை எங்கள் தலைமுறை மும்மூர்த்திகள் என்றே அழைத்தது. அசல் மும்மூர்த்திகளுக்குக் கோபம் வந்ததாகத் தகவல் இல்லை.

மதராசைப் பார்ப்பதற்கு முன்பே எங்களுக்கு ஸ்காட்லாந்து யார்டு அத்துப்படி. நான் படித்த இதழ்களில் லண்டன் கறுப்பு வெள்ளையாக இருந்தது. வேலை கிடைத்து இங்கே வந்து இறங்கியபோது வானமும் கட்டடமும் ஜனங்களின் முகமும் அப்படியே படத்தில் பார்த்த நிறத்தில்தான் இருந்தன. பேருந்துதான் சிவப்பாக வந்து ஏமாற்றியது.

மின்சாரம் பாய்ந்தால் மறையலாம் என்று நம்பி, வீட்டு பிளக் பாயிண்டைக் காதலோடு பார்த்த பையன்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். நானும் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டவன்; இந்தக் கட்டுரை வருவதற்கு அதுவே காரணம். லண்டன் வீட்டில் அந்த ஆசைக்கும் வழியில்லை. சாக்கெட்டின் துளைகளுக்கு உள்ளே மூடி இருக்கிறது. நீளமான எர்த் பின் நுழைந்தால்தான் அது விலகும். ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் தனி ஃபியூஸ். அதையும் தாண்டினால் 30 மில்லிஆம்பியர் கசிந்ததுமே மொத்தத்தையும் வெட்டிவிடும் டிரிப் சுவிட்ச். குளியலறையில் விளக்கைப் போடக்கூடக் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். மாயாவியைப் பெற்ற ஊர், இன்னொரு மாயாவி முளைத்துவிடக் கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறது.

எனக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. மின்சாரமே இல்லாமல் நான் வீட்டில் மறைந்துதான் இருக்கிறேன். டிவி ரிமோட்டைக் கேட்டால் யார் காதிலும் விழாது. ஹாலில் உட்கார்ந்திருந்தால் யார் கண்ணிலும் பட மாட்டேன். சிங்க்கில் பாத்திரம் விழுந்த மறுகணம் என் கை மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது.

நிழற்படையின் தலைமையகம் சமையலறை. தலைவி என் மனைவி. அவளுக்கு ஸ்மார்ட் மீட்டர் திரை ஒன்று வாய்த்திருக்கிறது. மாடியில் நான் கெட்டிலைத் தட்டினால் கீழே காசு ஏறுவது தெரியும். நள்ளிரவில் பரணில் விளக்கைப் போட்டுக்கொண்டு ‘வேலியண்ட்’ புரட்டியதையும் அந்தத் திரைதான் காட்டிக்கொடுத்தது என்பது என் சந்தேகம். ஒரு விளக்கின் செலவு அதில் அப்படியெல்லாம் தெரியாது என்கிறாள் அவள். அப்படியானால் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி இன்னும் பயங்கரமானது.

பார்சல் வந்தால் விசாரணை நேரடியாகவே நடக்கும்.

“ஏங்க, உங்க பேருக்குத் தட்டையா ஒரு கவர் வந்திருக்கே, என்னது?”

“கவுன்சில் டாக்ஸா இருக்கும்.”

“கவுன்சில் டாக்ஸைத்தான் ரெண்டு பக்கமும் அட்டை வச்சு, மடிக்காதீங்கன்னு எழுதி அனுப்புறானா?”

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவரின் முகவரிக்கு அனுப்பச் சொன்னேன். எழுபது தாண்டியவர், தனியாக இருக்கிறார், ரகசியம் காப்பார் என்று தோன்றியது. ஒரு நாள் கவரைத் திறந்து காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. சின்ன வயதில் வாரா வாரம் வாங்கினாராம். அதில் வந்த கேப்டன் ஹரிகேன் நினைவிருக்கிறதாம். “கையில்லாத ஒருத்தன் வருவானே, அவன் பேர் என்ன?” என்றார். சொந்த ஊர்க்காரனின் பெயரை வெள்ளைக்காரருக்கு விருதுநகர் மாவட்டத்துக்காரன் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பரவசத்தில் சிவகாசி, முத்து காமிக்ஸ், மும்மூர்த்திகள் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கும் பரவசம். மறுநாள் வேலிக்கு மேலே எட்டி, உங்கள் கணவர் எப்பேர்ப்பட்ட சேகரிப்பாளர் என்று என் மனைவியிடம் மனதாரப் பாராட்டிவிட்டார். எதிரி நாட்டு உளவாளிகூட இவ்வளவு சுத்தமாக ஒருவனைக் காட்டிக்கொடுக்க மாட்டான்.

“இதே கதையை ஊர்ல சில்லறைக்குப் படிச்சீங்க. இப்போ பவுண்டுல வாங்கிப் படிக்கறீங்க. முடிவு மாறியிருக்கா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மகள் வேறு, “அப்பா இங்கிலீஷ்ல படிக்கிறப்போ உதடு தமிழ்ல அசையுதும்மா” என்று தன் பங்குக்குத் துப்புக் கொடுத்தாள். உண்மைதான். மாயாவி ஆங்கிலம் பேசினால் எனக்கு ஒட்டவில்லை. ஃபாரிங்டன் தெருவில் இருந்த ஃப்ளீட்வே அலுவலகம் எனக்கு வெறும் முகவரி. மாயாவியின் சொந்த ஊர் சிவகாசி.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. ‘வேலியண்ட்’ 1976-ல் ‘பேட்டில்’ என்ற இன்னோர் இதழோடு கலந்து மறைந்தது. பழைய கதைகளின் உரிமை 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ரெபெல்லியன் நிறுவனத்திடம் போன பிறகு, 2021-ல் மாயாவி இங்கே மறுபடி தொகுப்பாக வந்தார். இடைப்பட்ட காலத்தில் தமிழ் அவரை மறுபதிப்பு மறுபதிப்பாக உயிரோடு வைத்திருந்தது. 2022-ல் முத்து காமிக்ஸுக்கு ஐம்பது வயது நிறைந்தது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாயாவி மறைய உயர் அழுத்த மின்சாரம் தேவைப்பட்டது. என்னுடைய முத்து காமிக்ஸ் மொத்தமும் மறைய அம்மாவும் பழைய பேப்பர்காரரும் போதுமாக இருந்தார்கள். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கட்டு மிச்சமிருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லையென்றால் எனக்கு அனுப்புங்கள். கவரின் மேல் ‘கவுன்சில் டாக்ஸ்’ என்று மட்டும் எழுத வேண்டாம். அது இனி செல்லாது.