இன்வெர்ட்டரை வறுத்தெடுக்கச் சில யோசனைகள்: அலிபிரி ஸ்பெஷல்

குடும்பத்தோடு வேனில் திருப்பதி கிளம்பிவிட்டீர்கள். பின்சீட்டுக்கு அடியில் 12 வோல்ட் பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர். மூன்றையும் ஒரே பயணத்தில் கொதிக்கவைக்க முடியுமா என்று கவலையே வேண்டாம். பாதி வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள்.

1. இன்வெர்ட்டரைச் சுற்றிக் காற்றோட்டம் வேண்டும் என்று கையேடு சொல்லும். அதை எழுதியவருக்கு உங்களளவு லக்கேஜ் கிடையாது. ஃபேன் பக்கமாகப் போர்வை மூட்டையைத் திணியுங்கள். மேலே புளியோதரைத் தூக்கை வையுங்கள். மத்தியானம் வரை ஆறாது.

2. ஒயருக்குச் செலவு செய்யாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும். 1000 வாட் சாதனம் வீட்டில் 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியர்கூட இழுக்காது. அதையே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓட்டினால், இன்வெர்ட்டர் தின்னும் நஷ்டத்தோடு 90 ஆம்பியரைத் தாண்டும். கரண்ட் இரட்டித்தால் ஒயரில் சூடு நாலு மடங்கு. எவ்வளவு லாபம், பாருங்கள்! டெர்மினல் நட்டைக் கையால் திருகினால் போதும். ஸ்பேனர் டிரைவரிடம் இருக்கிறது, அவர் அசந்து தூங்குகிறார்.

3. ஃபியூஸ் போனால் செம்புக் கம்பி.

4. திருமலை அடிவாரமான அலிபிரியில் வேனை நல்ல வெயிலாகப் பார்த்து நிறுத்துங்கள். மே மாதம் என்றால் 40 டிகிரி இலவசம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ரைஸ் குக்கர், குட்டி ஃப்ரிட்ஜ், எல்லோருடைய பவர் பேங்க் எனச் சகலத்தையும் மாட்டிவிட்டு, 'கோவிந்தா' சொல்லிப் படியேறப் போங்கள். 3,550 படி. நிதானமாக ஏறினால் மூன்று நான்கு மணி நேரம். அதுவரை இன்வெர்ட்டரும் அடைத்த வேனுக்குள் தன் பங்குக்குத் தவம் செய்யட்டும்.

5. சூடு தாங்காமல் அது 'பீப்' என்று கத்தும், ஆஃப் ஆகும். ஆறவிடாதீர்கள், செல்லம் கொடுத்ததாகிவிடும். ஆன் செய்யுங்கள். மறுபடி ஆஃபானால், மறுபடி ஆன்.

6. ராத்திரி லாட்ஜ் வாசலில் சார்ஜரைச் சொருகுங்கள். பேட்டரி கொதித்துக்கொண்டிருக்கும்போதே சொருகுவது உத்தமம். பேட்டரி சூடாக இருந்தால் சார்ஜிங் வோல்டேஜைக் குறைக்க வேண்டும். அதற்கென்றே வெப்பநிலை சென்சார் ஒன்று நல்ல சார்ஜர்களோடு வரும். உங்களுடையது இன்னும் பாக்கெட் பிரிக்காமல் வீட்டு அலமாரியில் இருக்கிறதல்லவா? அங்கேயே இருக்கட்டும். அமிலத்திலுள்ள தண்ணீர் வற்றினால் லாட்ஜ் குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். டிஸ்டில்ட் வாட்டரெல்லாம் பணக்கார பேட்டரிகளுக்கு. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினால் ஹைட்ரஜன் கிளம்பும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும் என்று பயமுறுத்துவார்கள். வாசனையே இல்லாத வாயுவுக்கு யார் பயப்படுவார்?

7. இத்தனைக்குப் பிறகு வேனுக்குள் அழுகிய முட்டை நாற்றம் வரும். ஓவர் சார்ஜில் வேகும் பேட்டரியின் வாசனை அது. சார்ஜரைப் பிடுங்காதீர்கள். திருமலைக்கு வரும்போது முட்டை எடுத்து வந்தது யார் என்று மச்சானில் தொடங்கி ஒவ்வொருவராக விசாரியுங்கள். குற்றவாளி அகப்படும்வரை நாற்றம் தெரியாமலிருக்க, பின்சீட்டுப் பக்கமாக நாலு ஊதுபத்தி கொளுத்தி வையுங்கள்.