நின்று ஜெயித்தவர்கள்

இண்டியானாவில் பள்ளிக் கூடைப்பந்து நாக்-அவுட் நாளன்று 'ஓடு, ஓடு' என்று தொண்டை கட்டக் கத்தாத அப்பா இல்லை. ஆனால் அவர்கள் கையெடுத்துக் கும்பிடும் 1954 மாநில இறுதியாட்டத்தின் பெருமையே நின்றதில்தான். 161 பிள்ளைகள் படித்த மைலான் பள்ளியின் பாபி பிளம்ப், கடைசிக் கால்பகுதியில் நாலு நிமிடத்துக்கு மேல் பந்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அதுவும் அணி பின்தங்கியிருந்தபோது! ஆட்டமா, பேருந்து நிறுத்தமா என்று கேட்கலாம். எதிரே நின்ற, பல மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பள்ளியோடு ஓடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முடிவில் அவரே கூடையில் போட, 32–30. அதே ஆண்டு தொழில்முறை லீக்கான என்.பி.ஏ., பந்தைக் கூடைக்கு எறிய 24 நொடிக் கெடு வைத்தது. இண்டியானாவோ 1997-க்குப் பின் பள்ளிகளை அளவு பார்த்துப் பிரித்து, நான்கு சாம்பியன்களை உண்டாக்கியது. சின்னப் பள்ளிக்கு அதுதானே நியாயம்? நியாயம்தான், கோப்பைக்காக மைலான் இனி மன்சியைப் பார்க்கவே வேண்டாம்.